சால்வைக்குள் இருந்தவர்

சூரியனைப் படம் எடுக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. அஸ்தமனத்தை எடுக்கிறவர்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிற வழியில் காரியத்தை முடித்துக்கொள்வார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. உதயத்தை எடுக்கிறவர்கள் அப்படியல்ல. தங்கள் தூக்கம் கெட்டது போதாதென்று வீட்டில் இருப்பவர்களின் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்த பிறகுதான் அவர்களுக்குக் கேமராவைத் தூக்கவே கை வரும். நம் கண்ணாடிக்காரர் இந்த இரண்டாவது ரகம்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். பகலெல்லாம் ஊராரைச் சுவரில் மாட்டிய எழுத்துகளுக்கு எதிரே உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா? இல்ல இப்பவா?" என்று கேட்பது தொழில். விடிகிற நேரத்தில் ஏரிக்கரையில் டிரைபாடை நட்டு வைத்துக்கொண்டு கிழக்கைப் பார்த்துக் காத்திருப்பது வாழ்க்கை. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்.

இந்த வாழ்க்கைக்கு அவர் சட்டதிட்டங்கள் வைத்திருந்தார். சூரியன் வருவதற்கு முன்னால் வருகிற நிறம்தான் நிறம், அது முகம் காட்டிய பிறகு வந்து சேர்கிறவன் படுத்துத் தூங்கியிருக்கலாம். கேமராவில் மேகமூட்டத்துக்கு என்று இருக்கிற அமைப்பை வைத்தால் வெளிறிய வானம்கூடப் பொன்னாகும். லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கினால் சூரியன் நட்சத்திரம் மாதிரி கூர் கூராக விரியும். வெளிச்சத்தை வானத்துக்கு அளக்க வேண்டும், முன்னால் நிற்கிற ஆளுக்கு அளக்கக் கூடாது. "ஆள் கறுப்புன்னா கறுப்பா இருக்கணும். மூக்கு தெரிஞ்சா அது பாஸ்போர்ட் போட்டோ" என்பார். ஒரு காலைக்கு ஒரு படம்தான். மற்றதையெல்லாம் அங்கேயே நின்று அழித்துவிடுவார். பின்னால் கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறவனை அவர் போட்டோக்காரனாகவே மதிப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. வெறும் வானம் படமாகாது, அதன் எதிரே ஒரு ஆள் நின்றாக வேண்டும். அந்த ஆள் அவருடைய மனைவி.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஜன்னலுக்குள் நின்று, டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து, கோபக்கார நோயாளிகளுக்கு மாத்திரையோடு ஒரு புன்னகையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிற ஆள். கல்யாணமான புதிதில் ஆசையாகத்தான் கூடப் போனாள். நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பாறையில் ஏறி, புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "கொஞ்சம் இடது பக்கம். தலையைத் தூக்கு. ஐயோ, திரும்பாதே, மூக்கு தெரியுது" என்று பின்னாலிருந்து குரல் வரும். பிற்பாடு ஆசை போய்ப் பழக்கம் மட்டும் மிஞ்சியது. வீட்டில் அவள் நின்ற படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஒன்றிலும் அவள் முகம் இல்லை. புகைப்படச் சங்கத்தின் போட்டிக்கு வருஷம் தவறாமல் அதிலிருந்து ஒன்றை அனுப்புவார், அதுவும் வருஷம் தவறாமல் திரும்பி வரும்.

டயர் கடைக்கு மேல் மாடியில் கூடுகிற அந்தச் சங்கம் இந்த வருஷப் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு 'துணை'. உதயமோ அஸ்தமனமோ, சூரியனுக்கு எதிரே ஒரு மனித உருவம் இருக்க வேண்டும். கண்ணாடிக்காரரை மனதில் வைத்தே கொடுத்தது போன்ற தலைப்பு. ஆனால் பாருங்கள், அந்த மாதம் முழுக்க அவளுக்குப் பின்னிரவு வரை வேலை. வந்து படுத்த சூட்டோடு எழுப்பி இழுத்துப் போக அவருக்கே கூச்சமாக இருந்ததால் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று துணிந்து தோளைத் தொட்டு எழுப்பினார்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் தனியாகக் கிளம்பினார். போகிற போக்கில் கொக்கியில் தொங்கிய அவளுடைய சால்வையை எடுத்துக்கொண்டார். குளிருக்கு என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே என்ன நினைப்பு இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

அன்றைக்கென்று வானம் அப்படி ஒரு கோலம் காட்டியது. அடுக்கடுக்காக மெல்லிய மேகம், அடியிலிருந்து சிவப்பு ஏறுகிறது, ஏரியில் ஒரு அலை இல்லை. கரையில் ஈ காக்கை இல்லை. பாறை காலியாகக் கிடந்தது. கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்தார். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டார். டைமரைத் தட்டிவிட்டு ஓடினார்.

பத்து எண்ணுவதற்குள் கரையிலிருந்து பாறை உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். ஐம்பதைத் தாண்டிய, உட்கார்ந்தே தொழில் பார்க்கிற ஒருவர் அதைச் செய்ய வேண்டும் என்று கேமரா கண்டுபிடித்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். முதல் ஓட்டத்தில் படத்தில் ஒரு கால் மட்டும் விழுந்தது. இரண்டாவதில் ஏறும்போதே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதில் கால் கட்டைவிரலைக் கல்லில் இடித்துக்கொண்டு, உயிர் போகிற வலியோடு உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு தோள் சரிய, தலை குனிய, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சரியாக அந்தச் சமயத்தில் கேமரா சொடுக்கியது.

திரும்பி வந்து திரையில் பார்த்தபோது வலி மறந்துவிட்டது. இந்தப் படத்துக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார். மற்ற இரண்டையும் வழக்கப்படி அங்கேயே அழித்தார். சால்வை அவளுடையது, சால்வைக்குள் இருக்கிற புருஷனும் அவளுடையவன், அப்படியிருக்கப் படம் மட்டும் வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று வாதம் செய்து மனசாட்சியைச் சமாதானப்படுத்தினார். 'காத்திருப்பவள்' என்று பெயர் வைத்து, படத்தில் இருப்பது தன் மனைவி என்று கீழே எழுதி, அன்றைக்கே சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

முதல் பரிசு அதற்குத்தான். நடுவர்கள் கொடுத்த பாராட்டுரையில் இப்படி இருந்தது: "சற்றே சரிந்த அந்த ஒற்றைத் தோளில் ஒரு பெண்ணின் வாழ்நாள் காத்திருப்பு முழுவதும் தெரிகிறது. மனைவியை இத்தனை ஆழமாகப் பார்க்கும் கணவனின் கண் அபூர்வமானது." கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு அந்த அபூர்வமான கணவர் இதைப் பலமுறை படித்து மகிழ்ந்தார். மனைவியிடம், பரிசு கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விழா என்று மட்டும் சொன்னார். எந்தப் படம் என்று அவளும் கேட்கவில்லை. பெட்டி நிறைய இருப்பதில் ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பாள்.

விழாவுக்கு முன்னால் படங்களையெல்லாம் சங்கத்து மாடியில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவள் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா அடுத்த தெருவில் சலவைக்கடை நடத்துகிறவள். ஒரு துணி எத்தனை முறை வெளுக்கப்பட்டது என்பதையும், யார் வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் ஒரே பார்வையில் சொல்லக்கூடியவள். கண்ணாடிக்காரர் ஒரு ஓரமாகச் சங்கத்து ஆட்களோடு நின்று, பாராட்டுகளை அடக்கமாக வாங்கிக்கொள்வது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே அவர்கள் இருவரும் படத்தின் முன்னால் போய் நிற்பதைப் பார்த்தார். பேசுவதும் காதில் விழுந்தது.

"ஏண்டி, இது நான் குடுத்த சால்வை இல்ல?"

"ஆமாக்கா."

"இந்த மூலையில ரெண்டு குஞ்சம் அறுந்திருக்கு பாரு. குடுத்த அன்னைக்கே சொன்னேன், மாத்தித் தர்றேன்னு."

"ஆமா."

"அப்ப உள்ள இருக்கிறது யாரு?"

அவள் படத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். அதற்குள் யாரோ ஒரு அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே அது? குடுத்து வச்சவங்க" என்றாள். மருந்தகத்து ஜன்னலில் பழகிய அதே புன்னகையோடு அவள் நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையை மாட்டிவிட்டு, "யாரு அது?" என்று கேட்டாள்.

"எது?"

"சால்வைக்குள்ள."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே சிரிப்பில் முடிந்திருக்கும். ஆனால் மனுஷனுக்குப் புத்தி எப்போது வேலை செய்ய வேண்டுமோ அப்போது செய்வதில்லையே. "நீதான், வேற யாரு?" என்றார்.

"அக்கா சால்வையைக் குடுத்ததே போன மாசம். அதுக்கப்புறம் நான் ஏரிப் பக்கமே வரல."

அவர் மெதுவாக, "அது வந்து... அது நான்தான்" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா, முதல் பொய்யைச் சொல்லும்போதே கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கணும். இப்படி ரெண்டாவதா ஒண்ணு சொல்லி என்னை முட்டாளாக்கக் கூடாது."

"சத்தியமாம்மா. டைமர் போட்டுட்டு ஓடினேன். இதோ பாரு, விரல்."

"கால் விரலை யாருதான் இடிச்சுக்கல."

நிரூபிக்கிறேன் பார் என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினார். வானம் வெளுத்தது, ஏரி வெளுத்தது, சால்வைக்குள் இருந்த ஆள் மட்டும் அப்படியே கறுப்பாக நின்றார். இன்னும் கூட்டினார். வானமே காணாமல் போயிற்று. ஆளின் கை, கால், சட்டை எதுவும் வந்தபாடில்லை. கறுப்பென்றால் கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் அல்லவா? அந்தக் கறுப்பில் ஒரு பொட்டுக்கூட ஓட்டை இல்லை. பின்னால் திருத்துவதற்கு வசதியாகப் படத்தை எடுத்து வைத்துக்கொள்வதும் அவரிடம் கிடையாது. மற்ற இரண்டு படங்களில் ஒரு காலாவது இருந்தது, அந்தச் செருப்பாவது சாட்சி சொல்லியிருக்கும். அவற்றைத்தான் கையோடு அழித்தாயிற்று.

அவள் கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பார். அவள் கத்தவில்லை. ஒரு பையில் நாலு துணியை எடுத்து வைத்தாள். "இத்தனை வருஷம் என்னைத்தான் கூட்டிட்டுப் போனீங்க, சரி, அது ஒண்ணாவது எனக்குன்னு இருந்துச்சுன்னு நினைச்சேன். அங்க இருக்கிறது யாருன்னு எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு கண்ணாடிக்காரருக்கு வீடு பிடிக்கவில்லை, கடை பிடிக்கவில்லை. கண் சோதனைக்கு வந்த ஒருவருக்கு வெறும் கண்ணாடிச் சட்டம் மட்டும் மாட்டி, லென்ஸே போடாமல், "இப்ப தெளிவா இருக்கா?" என்று கேட்டு வைத்தார். அவளில்லாமல் இருக்க முடியாது என்பது இத்தனை நாள் அவருக்குத் தெரியாமலில்லை. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் சங்கத் தலைவரிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: விழாவில் அம்மாவும் மேடைக்கு வர வேண்டும், அதே சால்வையோடு, படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணாடிக்காரர் அலறியடித்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வார்த்தைகளையும் அளந்துதான் பேசுவார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நீங்க என்கிட்ட சொல்லல. நானும் கேக்கல" என்றார்.

"சார், அது என் தோள் சார்."

"அந்தத் தோளைப் பத்தி நடுவர்கள் என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சீங்களா? அது உங்க தோள்னு சொன்னா அவங்க மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க? பேசாம அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. கலையில இதெல்லாம் சகஜம்."

வேறு வழியில்லாமல் அக்காவின் வீட்டு முகப்பில் இருந்த சலவைக்கடைக்குப் போனார். அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நிதானமாக அவர் சொல்வதைக் கேட்டாள். உள் அறையின் திரை லேசாக அசைந்தது. மனைவி அங்கேதான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை, நான் இந்தக் கடையில எத்தனையோ சட்டைக் காலரைப் பாத்தவ. என்கிட்ட புருஷங்க சொல்லாத பொய் கிடையாது. ஆனா பொம்பளை சால்வையைப் போத்திக்கிட்டுப் பாறையில ஏறினேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. அது நீங்கதான்னா நின்னு காட்டுங்க."

"நின்னு காட்டுறதுன்னா?"

"நாளைக்குக் காலைல. அதே பாறை, அதே சால்வை. படம் எடுக்கிறது என் தங்கச்சி."

மறுநாள் மூவரும் ஏரிக்கரையில் இருந்தார்கள். அக்கா தேநீர்க் குடுவையும், படம் அச்சிட்ட விழா அழைப்பிதழுமாகக் கரைக்கல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மனைவி டிரைபாடை விரித்தாள்.

"கொஞ்சம் இரு, அந்த மேகமூட்டத்துக்கு—" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"வச்சாச்சு."

"வெளிச்சத்தை வானத்துக்குத்தான்—"

"தெரியும்."

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் ஒருநாளும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் பாறையில் நிற்பவளுக்கு வேறென்ன வேலை? பின்னாலிருந்து அவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டதெல்லாம் இத்தனை வருஷமாக அவள் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது. லென்ஸின் துவாரத்தை அவள் எந்த அளவுக்குச் சின்னதாக்கினாள் என்று எட்டிப் பார்த்தார். அவர் வைக்கிற அதே அளவு.

அவள் டைமரைத் தட்டியதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினார். விரல் பயத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார், நிமிர்ந்து நின்றார். அக்கா திரையையும் அழைப்பிதழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது வேற ஆளு."

"நான்தான்க்கா அது."

"அதுல தோள் தொங்குது, தலை தொங்குது. இதுல போலீஸ்காரர் மாதிரி நிக்கிறீங்க. மறுபடியும் ஓடுங்க."

மறுபடியும் ஓடினார். மறுபடியும் வேற ஆள். தோளைத் தானாகச் சரித்துப் பார்த்தார், அது நாடகக்காரன் சரிப்பது போல இருந்தது. நடுவர்களுக்குத் தெரிந்த அந்த வாழ்நாள் காத்திருப்பை நினைத்து நினைத்து வரவழைத்துப் பார்த்தார், வரவில்லை. சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது; இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அது போனால் அவளும் போய்விடுவாள் என்ற பயம் வந்தபோது விரலைப் பற்றிய பயம் போயிற்று. விழுந்தடித்துக்கொண்டு ஓடி, சரியாக அதே கல்லில், ஆறிக்கொண்டிருந்த அதே விரலை இடித்துக்கொண்டார். எப்படியோ உச்சியைப் பிடித்தார். தோள் தன்னால் சரிந்தது, தலை தன்னால் குனிந்தது.

கரையிலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. குடுவை உருண்டு, தேநீர் கொட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே சரிந்துவிட்டாள். "அவரேதாண்டி! ஐயோ, அவரேதான்!" என்று அழைப்பிதழால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். வலியையும் மீறிச் சந்தோஷம். "இப்பவாவது நம்புறியா?" என்றார்.

"நம்புறேன்" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை. திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன? வா, வீட்டுக்குப் போகலாம்."

"நான் நின்ன படத்துல ஒண்ணாவது பரிசு வாங்குச்சா?"

வானம் சரியில்லை, மூட்டம் கூடுதல், நடுவர்கள் மோசம் என்று சொல்லத் தயாராக ஒரு பட்டியல் அவரிடம் எப்போதும் இருக்கும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"பெட்டி நிறைய நின்னிருக்கேன். காய்ச்சலோட நின்னிருக்கேன். அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகல, அப்பவும் இதே பாறையில நின்னேன், ஞாபகம் இருக்கா? தோள் சரியாமலா இருந்திருக்கும்? ஒருத்தருக்கும் அதுல ஒண்ணும் தெரியல. நான் இல்லாத ஒரு நாள், நீங்க விரலை இடிச்சுக்கிட்டு நின்னா, அதுல ஒரு பொண்டாட்டியோட காத்திருப்பு தெரியுதாம். என் பேரைப் போட்டுப் பரிசு குடுக்கிறாங்களாம்." அவள் குரல் உடைந்தது. "வேற ஒருத்தின்னு இருந்தா சண்டை போட்டு அவளை வெரட்டியிருப்பேன். உங்களை நான் எங்க வெரட்டுறது?"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. குடுவையை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ நிக்கிறப்ப நான் வானத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் கண்ணாடிக்காரர். சொன்னபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. குற்றமில்லை என்று நிரூபித்துவிட்ட ஒருவன் இவ்வளவு குற்றவாளியாக நிற்க நேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"தெரியும். ஞாயித்துக்கிழமை மேடைக்கு என்னைக் கூப்பிடுவாங்கதானே? நான் வருவேன், முன் வரிசையில உக்காருவேன். ஆனா எந்திரிக்க மாட்டேன். படத்துல யார் இருக்காங்களோ அவங்க போகட்டும்."

"என்னைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அதுக்கப்புறம் நான் வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா அக்கா வீட்டுலயே இருந்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் அளந்து பேசினார், தலைமை விருந்தினர் அளக்காமல் பேசினார். நடுவர்களில் மூத்தவர் மைக்கைப் பிடித்து அந்தத் தோளைப் பற்றி மட்டுமே வெகுநேரம் பேசினார். ஆணால் ஒருபோதும் அப்படி நிற்க முடியாது என்றும், அந்தச் சரிவு பெண்மைக்கே உரியது என்றும் சொன்னபோது முன் வரிசையில் அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். கடைசியில் தலைவர், "இந்தப் படத்தின் நாயகியை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் தேய்ந்து, ஓய்ந்தே போனது. தலைவர் இன்னொரு முறை அழைத்தார். குரலில் கெஞ்சல் இருந்தது. கண்ணாடிக்காரர் எழுந்தார். கையில் வைத்திருந்த சால்வையை உதறித் தலையோடு போர்த்திக்கொண்டார். நொண்டிக்கொண்டே மேடை ஏறி, படத்துக்குப் பக்கத்தில் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான், மண்டபமே வெடித்தது. காலைத் தரையில் உதைத்துச் சிரித்தார்கள். அவர் முன்னால் இருந்தது வெறும் திரைச்சீலை. அதைப் பார்த்துக்கொண்டே, அத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சிரிப்பு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா, எழுந்து போய்விட்டாளா? பின்னால் இருப்பவர் தன்னைப் பார்க்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், திரும்பவும் கூடாமல் நிற்பது இத்தனை கஷ்டமா? இப்படி நிற்கச் சொல்லித்தானே பெட்டி நிறையப் படம் எடுத்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தாங்க முடியாமல் திரும்பிவிட்டார். அவள் எழுந்து மேடைக்கு அடியில் வந்து நின்றிருந்தாள். கையில் செல்போன். திரும்பிய முகத்துக்கு நேராக ஒரு சொடுக்கு.

மூத்த நடுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் உடனே மைக்கைத் திரும்ப வாங்கி, ஆணுக்குள் இருக்கும் பெண்மையைத்தான் தாம் ஆரம்பத்திலிருந்து குறிப்பிட்டதாகச் சொல்லிப் பலத்த கைதட்டல் வாங்கினார். பரிசையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. சங்கத்தில் கண்ணாடிக்காரருக்கு வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள், அது இங்கே வேண்டாம்.

அவள் சொன்ன சொல் தவறாமல் பையோடு வீட்டுக்கு வந்தாள். பரிசுப் படத்தைச் சட்டத்தோடு சுமந்து வந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவோரமாகச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அவள் செல்போனை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தார். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குழல்விளக்கில் எல்லாம் பச்சையடித்திருந்தது. ஓரத்தில் யாருடைய முழங்கையோ புகுந்திருந்தது. நடுவில் அவர்: சால்வை நழுவி ஒரு காதில் தொங்க, வாய் பிளந்து, கண் பாதி மூடி, மூக்கு முழுசாகத் தெரிய, அழப்போகிற முகம். அவருடைய சட்டங்களில் மீறப்படாதது ஒன்றுகூட மிச்சமில்லை. கைக் கட்டைவிரல் பழக்கத்தில் அழிக்கிற பொத்தானைத் தேடிப் போனது.

அவள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்" என்றாள். "இதுல இருக்கிறது யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க."